ஆனி மாதத்துக் கொலுவும் ஒரு ரஷ்யப் பாட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது இது. எனக்கு ஊர் ராஜபாளையம். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டால் பியானோ. பியானோ என்றதும் சினிமாவில் பணக்கார வீட்டுக் கூடத்தில் நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னுடையது ஸ்டாண்டில் நிற்கிற எலக்ட்ரானிக் பியானோ. கரண்ட் போனால் அதற்கும் உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சிஸ்டரிடம் கற்றுக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய ரஷ்ய, சோவியத் காலத்துப் பியானோ இசைத்தாள்கள் என்றால் உயிர். அந்தக் காலத்தில் மலிவாக அச்சடித்து, பிறகு யாரும் திரும்ப அச்சடிக்காமல் விட்ட பாடல்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றைத் தேடிப்பிடித்துப் பகிர்ந்துகொள்வதற்கென்றே பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழு இணையத்தில் இருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. "ஊர்ல எல்லாரும் சீரியல் பாக்காவ, எம் பொண்டாட்டி ரஷ்யாக்காரன் நோட்டப் பாத்துக்கிட்டு இருக்கா" என்று என் வீட்டுக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தாள்களைப் படமெடுத்து சும்மா அனுப்பிவிட முடியாது. அனுப்புகிறவர் முதலில் அந்தத் தாளைப் பார்த்து ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்து, அந்தப் பதிவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாசித்துப் பார்த்தால்தானே நடுவில் பக்கம் விட்டுப்போனது தெரியும்? தப்பும் தவறுமாக வாசித்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாய்ப்பே வந்ததில்லை. மற்றவர்கள் கொடுத்ததை வாங்கி வாங்கி வாசித்தேனே தவிர, கொடுக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. பந்திக்கு முந்திக்கொண்டு வந்து உட்காருகிற ஆள் மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் ரஷ்யாவில் குளிர் ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா குழுவில் கேட்டிருந்தார். அவருடைய அப்பா சின்ன ஊர் ஒன்றில் இசை ஆசிரியராக இருந்தவர். குழந்தைகளுக்காகச் சின்னப் பாடல்கள் எழுதி ஒரே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். வீடு மாறியதில் அந்தப் புத்தகம் தொலைந்துவிட்டது. அடுத்த மாதம் அப்பாவின் நூறாவது பிறந்தநாள். பழைய மாணவர்களெல்லாம் கூடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பாட்டை, அப்பா தனக்காகவே எழுதிய பாட்டை, அன்றைக்கு வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆரம்பம் ஞாபகம் இருக்கிறதாம், முடிவு மறந்துவிட்டதாம். மெதுவாக முடியும் என்பது அவர் கட்சி. 'டம்' என்று பெரிய சத்தத்தோடு முடியும் என்பது தம்பியின் கட்சி. இரண்டு பேரும் பார்க்கும்போதெல்லாம் இதற்காகச் சண்டை போடுவார்களாம்.

கூடவே சிறுமியாக அவர் பியானோ முன் உட்கார்ந்திருக்கும் மங்கலான படம் ஒன்றைப் போட்டிருந்தார். தாங்கியில் அந்தப் புத்தகம். அட்டையில் பனி மூடிய வீடு, அதில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக.

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு செட்டியார் பொம்மையைச் சுற்றி.

அதற்கு முந்தைய நவராத்திரியில் என் ஆபீஸ் தோழி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவளுடைய சித்தி வீட்டுக் கொலுவுக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தாள். தோழிக்குச் சித்தி என்றால் எனக்கும் சித்திதான். சித்தப்பா ஓய்வுபெற்ற டாக்டர், சோவியத் காலத்தில் மாஸ்கோவில் படித்தவர். விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைச் சுற்றி வைக்க ஆள் வேண்டுமென்று என்னையும் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்போது பெட்டியில் கிடந்த சுற்றுத் தாள்களில் சில இசைத்தாள்களாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பும்போது கண்ணாடி டம்ளர்களைச் சுற்றுவதற்காகப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பிரித்ததாம். "பேப்பரவிட கனமா இருந்துச்சும்மா, டம்ளரு ஒண்ணுகூட ஒடையல" என்றார் சித்தப்பா. டம்ளர்களெல்லாம் பிறகு உடைந்துபோக, தாள்கள் பொம்மைகளுக்கு வந்துவிட்டன. நான் செட்டியாரை மட்டும் ஒரு படம் எடுத்தேன். "படம் புடிச்சது போதும், சுத்து தாயி" என்று சித்தி என் கையில் அடுத்த பொம்மையைத் திணித்தார்.

செல்போனைத் துழாவி அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே வீடு, அதே மஞ்சள் ஜன்னல். என் வாய் சும்மா இருக்குமா? "புத்தகம் எங்கள் ஊரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்" என்று குழுவில் எழுதிவிட்டேன். உலகம் முழுவதிலுமிருந்து வாழ்த்து வந்து குவிந்தது. அந்த அம்மா அழுகிற முகங்களாக அனுப்பினார், கூடவே குரல் பதிவு ஒன்று. சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழியோடு போய் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். சித்தி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"முடியாது."

"தாள மட்டும் உருவிக்கிட்டு உள்ள வச்சிருதோம் சித்தி."

"படுக்க வச்ச பொம்மைய நடுவுல எழுப்புவாகளா? புரட்டாசியில வா, அம்புட்டுத் தாளையும் எடுத்துக்கோ."

"பிறந்தநாள் அடுத்த மாசம் சித்தி!"

"அதுக்கு நா என்ன செய்ய? பேசி வச்சிக்கிட்டு வந்து நிக்கியே, என்னயக் கேட்டியா?"

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நோயாளிகளை மிரட்டி ஊசி போட்டவர், சித்தி முன்னால் வாய் திறக்கமாட்டார். தோழி என் காலை மிதித்து, கிளம்பலாம் என்று ஜாடை காட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், அந்த அம்மாவின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். பேசியது ஒன்றும் சித்திக்குப் புரிந்திருக்காது. ஆனால் கடைசியில் அவர் அந்தப் பாட்டை வாயால் முனகிக் காட்டியிருந்தார். தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு மெட்டு. போய்க்கொண்டே இருந்து, சட்டென்று நின்றுவிடும்.

சித்தி காத்திருந்தார். பிறகு, "ஏன் நிப்பாட்டிட்டாவ?" என்று கேட்டார்.

"அதுக்கு மேல அவங்களுக்குத் தெரியாது சித்தி. மிச்சம் உங்க பெட்டிக்குள்ள இருக்கு."

சித்தி பெட்டி இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. சித்தி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பெட்டியத் தெறந்தா கொலு வச்சே ஆகணும். கொலு வச்சா சுண்டல் போடணும். சுண்டல் போட்டா நாலு பேரக் கூப்பிடணும். சும்மா தாள உருவிட்டுப் போற வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது. சம்மதமா?"

சம்மதமாவது! நான் சித்தியைக் கட்டிக்கொண்டேன். "ஏட்டி, விடு. கொண்டக்கடல ஊறப் போடல. பாசிப்பயறுதான்" என்று அவர் அடுக்களைக்குப் போய்விட்டார். சித்தப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, படி கட்டுவதற்குப் பலகை எடுக்கப் போனார்.

அன்றைக்கு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து அடித்த காற்று வீட்டுக்குள் புகுந்து புறப்பட்டது. நாங்கள் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பழைய செய்தித்தாள், கிழிந்த சேலைத் துண்டு, காலண்டர் தாள், நடுநடுவே இசைத்தாள். செட்டியாரிடமிருந்து அட்டை. செட்டியாரம்மாவிடமிருந்து முதல் பாட்டு. கிருஷ்ணரிடமிருந்து நடுப்பக்கம். கிடைத்ததையெல்லாம் பக்க எண் பார்த்து நான் அடுக்க, காற்று கலைத்துப்போட, கடைசியில் சித்தப்பா பால்கோவா டப்பாவைத் தூக்கி அதன் மேல் வைத்தார். கடைசிப் பாட்டின் தலைப்பை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "வீடு தூங்கப் போகுது... அப்படித்தாம்மா போட்டிருக்கு. மொதல்ல கடிகாரம் தூங்குது, பொறவு அடுப்பு, பொறவு பூன." அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்த மொழியைப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறதாம்.

பெட்டி காலியாகிவிட்டது. பூனை தூங்கிய பக்கத்தோடு பாட்டு நின்றது. கடைசித் தாளைக் காணோம்.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உதறினோம். படியில் பொம்மைகள் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. அந்த அம்மா முனகி நிறுத்திய இடத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் நாங்களும் நின்றிருந்தோம். இதற்கா இவ்வளவு பெருமை அடித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். சித்தி மட்டும் படியைப் பார்த்துக்கொண்டு, "ஒராளு கொறையுதே" என்றார். பிறகு தோழியைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஒங்க வீட்டுப் போலீசு எங்க?"

தோழியின் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் போலீஸ் ஏட்டு. போன நவராத்திரிக்குத் தோழி முதல் தடவையாகக் கொலு வைத்தபோது, சித்தி மாப்பிள்ளையைக் கேலி செய்வதற்காகத் தன் கொலுவிலிருந்த தொந்தி போலீஸ்காரர் பொம்மையைக் கொடுத்திருந்தார். பெரிய தாளில் சுற்றித்தான் கொடுத்தாராம். "அந்தத் தாள என்ன செஞ்ச?" என்று நான் கேட்ட கேட்பில் தோழி பயந்தே போனாள். யோசித்தாள். பிறகு கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, சோகேஸ்ல நம்ம போலீசு நிக்காருல்லா? அவருக்கு அடி சரியில்லாம ஆடுதாருன்னு காலுக்குக் கீழ ஒரு தாள மடிச்சு வச்சேன். பாத்துச் சொல்லுங்க, அதுல கோடு கோடா, புள்ளி புள்ளியா இருக்கா?"

"இருக்கு, கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்று ஏட்டு சொன்னது ஸ்பீக்கரில் கேட்டதும் சித்தப்பா கை தட்டினார்.

"தாளு மட்டும் வரக் கூடாது. போலீசும் வரணும். எல்லாரும் கொலுவுல நிக்கும்போது அவரு மட்டும் சோகேஸ்லயா?" என்று சித்தி உத்தரவு போட்டார். வாசிக்க எனக்குப் பியானோவும் வேண்டும். சாயங்காலம் என் வீட்டுக்காரர் காரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் என் பியானோ. முன்சீட்டில் டூட்டி முடிந்து அப்படியே வந்திருந்த ஏட்டு, மடியில் யூனிஃபார்ம் போட்ட பொம்மை. இரண்டு பேருக்கும் தொந்தி ஒரே அளவு. எதிர் வீட்டு அம்மா, "ஆனி மாசத்துல கொலுவா, அதுல காவலுக்குப் போலீசு வேறயா!" என்று மோவாயில் கை வைத்தார்.

நாலாக மடித்த தாளைப் பிரித்தோம். நடுவில் பொம்மையின் அடி பதிந்த வட்டம். மற்றபடி ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. கடைசி வரி மெதுவாக, இன்னும் மெதுவாகப் போய் ஒரே ஒரு சுரத்தில் முடிந்தது. அப்படியானால் அக்கா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சுரத்துக்குப் பிறகு, சுரம் எதுவும் இல்லாமல் ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. சித்தப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். சிரிக்க ஆரம்பித்தார். "கிரீஷ்கான்னா மூடி. பானை மூடிக்கும் அதான், பியானோ மூடிக்கும் அதான். 'இப்போது பியானோவும் தூங்கப் போகிறது. பயப்படாமல், சத்தமாக மூடியைச் சாத்தவும்'னு எழுதியிருக்கான்மா மனுசன்!"

அக்கா சொன்ன மெதுவும் அதில் இருந்தது, தம்பி சொன்ன 'டம்'மும் இருந்தது.

இப்போது ஒரு புதுச் சிக்கல். குழுவின் வழக்கப்படி முழுதாக வாசித்து அனுப்ப வேண்டும். என் பியானோவுக்கு மூடியே கிடையாது. கதவைச் சாத்தலாமா என்றார் ஏட்டு. சித்தி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. காலிப் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் மூடியைப் பிடித்துக்கொண்டார். "நீ வாசி. எப்பச் சாத்தணும்னு மட்டும் தலைய ஆட்டு."

அக்கம்பக்கத்துப் பெண்கள் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க, வாசித்தேன். கடிகாரம் தூங்கியது, அடுப்பு அணைந்தது, பூனை சுருண்டது. கடைசிச் சுரத்தை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினேன். சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், சித்தி மூடியைப் பிடித்தபடியே கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன், இன்னொருக்கா வாசி" என்றார்.

இரண்டாம் தடவை தப்பவில்லை. தகரப் பெட்டி. சித்தி கையிலும் நல்ல வலு. விழுந்த அடியில் படியிலிருந்த தலையாட்டி பொம்மை தன்பாட்டில் தலையை ஆட்டியது. யாரோ ஒருவர் சுண்டலைத் தவறவிட்டார். அப்படியே அனுப்பிவிட்டேன், சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்து.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே அழைத்தார். பக்கத்தில் தம்பியும் இருந்தார் போல. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். சித்தப்பா திக்கித் திக்கி எங்களுக்கு மொழிபெயர்த்தார். "ரெண்டு பேரும் 'நாந்தான் சொன்னேன்ல, நாந்தான் சொன்னேன்ல'ங்காவ." பிறகு அந்த அம்மா மெதுவாக ஏதோ சொன்னார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழுத்துப் படிக்கத் தெரியாத வயசுல, தெனம் ராத்திரி இவ வாசிச்சு முடிச்சதும், அப்பா பின்னால நின்னு மூடியச் சாத்துவாராம். போய்ப் படுங்கன்னு வெரட்டுதாருன்னே இத்தன வருசமா நெனச்சிருக்கா. அது பாட்டோட கடைசிச் சத்தம்னு இப்பத்தான் தெரியுதாம்."

சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாருக்கும் இன்னொரு கரண்டி சுண்டல் வைங்க" என்றார்.

தாள்கள் யாருக்குச் சொந்தம் என்பதில் சித்திக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "அந்தப் புள்ளைக்குத்தான். ஆனா வெறும் தாளா அனுப்பக் கூடாது. தாளு பொம்மையச் சுத்தித்தான் இருந்துச்சு, பொம்மையோடதான் போகணும்." செட்டியாரை அனுப்புவதென்று முடிவானது. ஒற்றையாக அனுப்பக் கூடாதென்று செட்டியாரம்மாவும் சேர்ந்துகொண்டார். மண்பொம்மை உடையாமல் இருக்க எங்கள் கம்பெனியில் பேண்டேஜ் துணி வாங்கி வந்து, மெத்து மெத்தென்று சுற்றி மூடினோம். அடிபடுவதற்கு முன்பே கட்டுப் போட்ட நோயாளி என்று சித்தப்பா அவர்களுக்குப் பெயர் வைத்தார்.

பிறந்தநாளில் நாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து அந்த அம்மா வாசித்தார், தம்பி மூடியைச் சாத்தினார். அந்த வீடியோவை எல்லோரும் சித்தி வீட்டில் கூடிப் பார்த்தோம். "நம்ம பெட்டிச் சத்தம் இதவிட நல்லாருந்துச்சு" என்பது சித்தியின் தீர்ப்பு. பார்சல் எங்கெங்கோ சுற்றிப் புரட்டாசியில்தான் போய்ச் சேர்ந்தது. பியானோவின் மேல் செட்டியாரும் செட்டியாரம்மாவும் அரிசி பருப்புக் கடையோடு உட்கார்ந்திருக்க, பின்னால் ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த மரங்கள் நிற்கிற படம் ஒன்று வந்தது. கூடவே ஒரு கேள்வி: "இவர்களை எப்போது தூங்கவைக்க வேண்டும்?"

சித்தியிடம் கேட்டேன். "விசயதசமிக்கு. பாட்ட வாசிச்சிட்டு, மூடியச் சாத்திட்டு, மெதுவாப் படுக்க வைக்கச் சொல்லு" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு விஜயதசமிக்கும் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாசிக்கிறேன், சித்தி பெட்டியைச் சாத்துகிறார். அதே நாளில் அங்கே அந்த அம்மாவும் வாசித்து மூடியைச் சாத்துகிறார். பகிர்வது என்றால் நம்மிடம் இருப்பதை எடுத்துக் கொடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவருடைய வீட்டுச் சத்தம் இன்னொருவர் வீட்டுக்கும் சொந்தச் சத்தமாகிவிடுவதுதான் அது என்பதை, அந்தத் தகரப் பெட்டி விழுகிற ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.